மரத்துப்போகும் கிரீமும் மைனியின் கட்டும்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்களுக்கு உட்கார நாற்காலி தரமாட்டார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சேலைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் பால்குடி மறந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அதே பலகைக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலில் நரம்பு புடைக்கத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சேலை மறைக்கிற இடம். நானும் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

சேலையைப் பற்றி என்றால் எவ்வளவு நேரமும் பேசுவேன். என்னைப் பற்றி என்றால் நாக்கு எழாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். என்னோடு நிற்கிற பெண்கள் பலருக்கும் இப்போது காலில் இதே தொந்தரவு. ஒருத்தி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று வந்து சொன்னாள். மரத்துப்போக ஒரு கிரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அதைக் கேட்டதும் மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பலகையில் வைத்தேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். "அக்கா, நீங்க வாயால சொல்லாண்டாம், எழுதித் தாருங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

2012-ஆம் வருஷம், மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழா முடிந்து கடையில் கூட்டம் குறைந்திருந்த சமயம். இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. சொறிந்தால் நீர் வடிந்தது. சாயங்காலமானால் கால் கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. கிணற்றடியில் துணி துவைக்கும்போது சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகியிருந்தேன். அதைக் கமலம் மைனி பார்த்துவிட்டார்.

கமலம் மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவர்களுடைய அப்பா எலும்பு முறிவுக்கும் உளுக்குக்கும் கட்டுப் போடுகிற ஆசான். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆசான்மார் நிறைய உண்டு. சிறு வயதிலிருந்து அப்பாவுக்குத் துணி கிழித்துக் கொடுத்தும், வாழை இலையைத் தீயில் வாட்டிக் கொடுத்தும் பழகியவர் மைனி. குழித்துறையில் எங்கள் தெருவில் யாருக்காவது கால் பிசகினால் இன்றும் அவரைத்தான் தேடி வருவார்கள். எலும்பு உடைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தொடமாட்டார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்.

என் காலையும் அப்படித்தான் பார்த்தார். குனிந்து, விரலால் அமுக்கி, நிமிர்ந்தார்.

"ஏட்டி லீலா, இது எத்தன காலமா இருக்கு?"

"கொஞ்ச காலமா."

"கொஞ்ச காலமாம்! மண்புழு கூடு வச்ச மாதிரி கெடக்கு. இது நம்ம கட்டுக்கு நிக்கிற காலு இல்ல. இங்கிலீஷ் டாக்டருட்டதான் போவணும்."

"வலியில்ல மைனி."

"வலிச்சாலும் நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?"

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். காத்திருக்கும் அறையில் எல்லோரும் காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் என் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். காலில் குளிர்ந்த கூழ் போல ஒன்றைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். மழைத் தண்ணீர் ஓடையில் இரைவதுபோல் சத்தம் கேட்டது. அது என் ரத்தம் ஓடுகிற சத்தமாம்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறிப் போக வேண்டும். ஏறின ரத்தம் கீழே இறங்காமல் இருக்க ரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. நின்றே வேலை செய்கிற சிலருக்கு அந்தக் கதவுகள் கெட்டுப்போகும். ரத்தம் கீழே தேங்கி, குழாய் வீங்கிச் சுருண்டுகொள்ளும். வெரிகோஸ் என்று பெயர். அப்படியே விட்டால் கணுக்காலில் ஆறாத புண் வரும். எனக்கு அது வரத் தொடங்கியிருந்தது. கெட்ட குழாய்க்குள் மெல்லிய ஊசியால் ஒரு மருந்தைச் செலுத்தினால் அது ஒட்டி மூடிக்கொள்ளும், ரத்தம் நல்ல குழாய் வழியாகப் போய்விடும் என்றார்.

ஊசி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பிரசவத்தின்போதுகூட வலியில் மயங்கவில்லை, ஊசியைப் பார்த்து மயங்கியவள் நான். என் முகத்தைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"இவ்வளவு பயமா? சரி, மரத்துப்போக ஒரு கிரீம் எழுதறேன். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, நான் பேனாவால மார்க் பண்ணின மூணு இடத்துல கொஞ்சம் கனமா வச்சு, மேல மூடிட்டு வாங்க."

கனமாக என்றால் எவ்வளவு? எதை வைத்து மூட வேண்டும்? நீர் வடிகிற இடத்தில் படலாமா? இந்தக் கேள்விகள் எல்லாம் எனக்கு இப்போது வருகின்றன. அப்போது வாசலில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார். "சரி சார்" என்று எழுந்துவிட்டேன். ஒருவருக்குமேல் உள்ளே விடாததால் மைனி வெளியே இருந்தார்.

"என்னவாக்கும் சொன்னாரு?" பஸ்ஸில் கேட்டார்.

"கனமா வச்சு, மூடிக் கொண்டு வரணுமாம்."

"அம்புட்டுதானா? அது நமக்குத் தெரியாத வேலையா?"

மருந்துக்கடையில் சின்ன ட்யூப் தீர்ந்துவிட்டது, பெரியதுதான் இருக்கிறது என்றார்கள். மைனி மூன்று வாங்கினார். கடைக்காரர் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்துக்கடையில் நாமும் கேட்க மாட்டோம், அவர்களும் கேட்க மாட்டார்கள்.

ஊசிக்கு நாள் குறித்திருந்தது அடுத்த வாரம். அதற்குள் குளித்துக் குளித்து டாக்டர் போட்ட பேனா அடையாளம் போய்விட்டது. அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போன பிறகு, மைனி அடுக்களையில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த எடமுண்ணு ஞாபகம் உண்டா?"

"இங்க ஒண்ணு. மத்தது தெரியல்ல."

"பின்ன ஒரு எடத்துல வச்சு, அவரு வேற எடத்துல குத்தினா என்ன செய்வ? கூவுவியா? முழுக்க வச்சிருவோம். அந்தக் காலையும் நீட்டு."

"அதுல ஊசி இல்ல மைனி."

"வந்த கையோட அதயும் குத்திட்டா? எதுக்கும் இருக்கட்டு."

"ஒரு மணி நேரம் முந்தின்னுதான்..."

"பஸ்ஸுல வச்சு நீ சேலையத் தூக்குவியா? ஊருக்கு முன்னால ஒரு விரல் காட்ட மாட்ட. வீட்டுலயே முடிச்சிட்டுப் போவோம். கூட நேரம் இருந்தா கூடக் கொஞ்சம் மரக்கும், நல்லதுதான்."

அவர் சொன்னதில் எனக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை. எண்ணெயும் பற்றும் அப்படித்தான். நிறைய வைத்தால் நிறையக் குணம். இறுகக் கட்டினால் உள்ளே இறங்கும். சூடு பட்டால் சீக்கிரம் பிடிக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படியே வளர்ந்தவர்கள்.

முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, இரண்டு காலிலும், தோசை மாவு போல வெள்ளையாகப் பூசினார். அரித்துப் புண்ணான இடத்திலும் பூசினார். மூன்று ட்யூப்பும் சுருண்டு தீர்ந்தன. அடுப்பில் வாட்டிய வாழை இலையை இளஞ்சூட்டோடு மேலே சுற்றினார். அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்த துணியால் பாதத்திலிருந்து மேல்நோக்கி, ஒரு சுற்றின்மேல் பாதி ஏறி அடுத்த சுற்று வருகிற மாதிரி கட்டினார். அந்தக் கை வேலையைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒரு சுருக்கம் இருக்காது.

கட்டி முடித்ததும், "விரல ஆட்டு பாப்போம்" என்றார். ஆட்டினேன். கால் பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டார். நகம் வெளுத்துச் சிவந்தது. "ரத்தம் ஓடுது. கட்டு இறுக்கமில்ல" என்றார். கட்டுப் போட்ட யாருக்கும் கடைசியில் அவர் செய்கிற சோதனை அது.

சேலையை இறக்கிவிட்டேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

நாகர்கோவிலில் இறங்கியபோது கால்கள் என்னுடையவை இல்லாததுபோல் இருந்தன. மரக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். டாக்டர் வேறொரு மருத்துவமனையில் அவசர ஆபரேஷனுக்குப் போயிருந்தார். வரத் தாமதமாகும் என்றார்கள். மத்தியானம் தாண்டியது. மைனி கட்டிக்கொண்டு வந்த சாதத்தை ஒரு வாய் வைத்தேன். ருசி தெரியவில்லை. நாணயத்தை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அந்த ருசி. நாக்கின் நுனி தடித்துப்போனது. காதுக்குள் வண்டு இரைந்தது.

"தல சுத்துது மைனி."

"வெறும் வயிறு. ஒரு பிடி தின்னு."

டப்பாவை நீட்டியவர், என் முகத்தைப் பார்த்து நின்றார். பிறகு சிரித்தார்.

"ஏட்டி, எனக்குத் தெரியாம எங்க போயி ஞாவப்பழம் தின்ன? உதடெல்லாம் ஊதா."

நான் சுவரில் சாய்ந்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். நகங்களும் நீலமாக இருந்தன.

"சிஸ்டரே!" என்று அவர் கத்தியது அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஓடி வந்த நர்ஸ் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். எண்ணைப் பார்த்ததும் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். அவசரப் பிரிவு உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் மைனி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மக்கா, பேடிக்காத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவசரப் பிரிவில் மூக்கையும் வாயையும் மூடி முகமூடி வைத்தார்கள். அதன் வழியாகப் பிராணவாயு வந்தது. மறுபடியும் கிளிப். எண் ஏறவில்லை. நெஞ்சில் ஒயர்கள் ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டார்கள். சத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். எண் ஏறவில்லை. பணியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். அவர் மைனியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"இட்லி. பொறவு ஒரு வாய் சோறு."

"வேற ஏதாவது குடிச்சாங்களா? பூச்சி மருந்து மாதிரி? வீட்டுல சண்டையா? மறைக்காம சொல்லுங்க."

"என்ன பேச்சு டாக்டரம்மா இது! எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல. எனக்க கூடப்பிறப்பு மாதிரி வச்சிருக்கேன்."

"மாத்திரை?"

"ஒரு மாத்திரையும் கிடையாது. சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை. வாய் வழியாகப் போவதுதான் மருந்து. காலில் பூசியது அவருக்கு மருந்துக் கணக்கில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாங்கள் கால் ஊசிக்கு வந்தவர்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நர்ஸ் என் சேலையைக் கால் பக்கம் ஒதுக்கப் பார்த்தார். ஆண்கள் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கையை நீட்டிச் சேலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண் இருட்டிக்கொண்டு வருகிறது, மூச்சு பத்தவில்லை, அந்த நிலையிலும் கை தானாகப் போய்ப் பிடித்தது. "விடுங்கக்கா" என்றார் நர்ஸ். நான் விடவில்லை. அவர் வேறு வேலைக்குத் திரும்பினார்.

என் கை பிடித்திருந்த இடத்துக்குக் கீழே வாழை இலை சரசரத்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள், இதை மட்டும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. சொல்ல நாக்கு புரளவில்லை. "கா... கா..." என்று வந்தது. முகமூடிக்குள்ளேயே நின்றது.

சேலையை நானே தூக்கினேன். அத்தனை பேருக்கு முன்னால், முழங்கால் வரை.

"இது என்ன கட்டு?" என்றார் டாக்டர்.

மைனி, "ஊசி குத்த எடம் மரக்கிறதுக்கு. பெரிய டாக்டரு எழுதினதுதான்" என்றார்.

"என்ன கிரீம்? எவ்வளவு போட்டீங்க?"

"மூணு ட்யூப்பு."

"மூணா? எப்போ?"

"விடிஞ்ச உடன."

டாக்டர் பிறகு எதுவும் கேட்கவில்லை. கத்தரி கொண்டுவரச் சொன்னார். துணியையும் இலையையும் ஒரேயடியாக வெட்டி எடுத்தார்கள். இரண்டு காலையும் சோப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவித் துடைத்தார்கள். கையில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியது எனக்குத் தெரிந்தது. முதல் தடவையாக நான் அதற்குப் பயப்படவில்லை. குழாய்க்குள் ஏறிய ரத்தத்தை மைனி பார்த்தார். நானும் பார்த்தேன். அது சிவப்பாக இல்லை. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

மைனி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் டாக்டர் மறுநாள் எனக்கு விளக்கினார். அந்தக் கிரீமில் இரண்டு மரப்பு மருந்துகள் கலந்திருக்கின்றன. கொஞ்சமாகத் தோலில் நின்றால் தோல் மட்டும் மரக்கும். நிறைய உள்ளே இறங்கினால் ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் போகும். நாக்கு தடிப்பதும், காது இரைவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். இன்னும் கூடினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தவறும். அவற்றில் ஒரு மருந்து ரத்தத்தையும் கெடுக்கும். பிராணவாயுவைச் சுமந்துபோவது ரத்தத்தில் உள்ள சிவப்புச் சத்து. அது சுமக்க முடியாததாக மாறிவிடும். "மூக்கு வழியா எவ்வளவு காத்து குடுத்தாலும், ஏத்திட்டுப் போக வண்டி இல்லையேம்மா" என்றார். புண்ணான தோலில் பூசியது, சூடான இலை, காற்றுப் புகாத கட்டு, காலையிலிருந்து வைத்திருந்த நேரம், இவை எல்லாமே மருந்தை உள்ளே தள்ளியிருக்கின்றன.

இதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. அது நீல நிறம். நீலம் பாய்ந்தவளுக்கு நீல மருந்து. அன்றைக்கு, என் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்ததுமே, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அதை எடுத்துவர ஆள் ஓடினார். குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ரத்தம் குறைந்ததுண்டா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட சிலருக்கு இந்த மருந்தே ஆகாதாம். இல்லை என்று மைனி தலையை மட்டும் ஆட்டினார். கை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாகப்போகிறேன் என்றால் இப்படிச் சத்தமில்லாமல்தான் போவேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். மகளுக்கு யாரும் போன் செய்யவில்லையே என்றும் நினைத்தேன்.

எண் ஏறத் தொடங்கியது. நர்ஸ் என் கையைப் பிடித்து, "நகத்துல நீலம் போவுது, பாத்தியளா" என்றார். நான் பார்த்தேன். பிறகு மைனியைத் தேடினேன். அவர் நின்ற இடத்தில் இல்லை.

மருந்து தோலில் தங்கி மறுபடியும் இறங்கக்கூடும் என்று வார்டில் வைத்துக் கவனித்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். நிறம் காப்பியிலிருந்து சிவப்புக்குத் திரும்பியதை நானே பார்த்தேன். முதல் நாள் கழிப்பறைக்குப் போனவள் பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். சிறுநீர் நீலமும் பச்சையுமாகப் போயிருந்தது.

"பேடிக்காதீங்க அக்கா, உள்ள போன மருந்துதான் வெளிய வருது. முட்டம் கடலு கலரு, பாத்தியளா!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. யாரிடமும் சொல்ல முடியாத சிரிப்பு.

என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தார். கையில் ரப்பர் பால் மணம் போகாமல் இருந்தது. பில் என்று கேட்டால், "அதெல்லாம் பாக்கலாம், நீ கஞ்சியக் குடி" என்பார். பயற்றுக் கஞ்சி, தேங்காய்த் துவையல். மைனியின் கைப்பக்குவம். கஞ்சி வந்தது, மைனி வரவில்லை.

"மைனி எங்க?"

"கீழ படியில இருக்கா. ஏறி வரமாட்டேங்கா."

"வரச் சொல்லுங்க."

"சொன்னேன். 'என்னக் கண்டா அவளுக்கு மூச்சு முட்டும்'ங்கா. இந்நேரம் வர ஒரு பருக்கை தின்னல்ல."

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். மைனி சமைத்தார், துணி துவைத்தார், என் சேலையை மடித்து வைத்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கை பிசகி, தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மைனி கதவருகிலேயே நின்று, "இங்க கட்டு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அவள் போன பிறகு, கிழித்து வைத்திருந்த துணிச் சுருள்களை எல்லாம் எடுத்து அடுப்பில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு, பரவாயில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லிப் பழகியதில்லை. சொன்னால் அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்றும் தெரியாது.

கால் அப்படியேதான் இருந்தது. கணுக்கால் புண் பெரிதாகிவிடக் கூடாதே என்று என் வீட்டுக்காரர் தினமும் கவலைப்பட்டார். ஊசி போடாமல் தீராது. ஆவணி பிறந்ததும் நாள் கேட்டு வாங்கினோம். புறப்படும் அன்றைக்கு நான் மைனி முன்னால் போய் நின்றேன்.

"நீங்க வாங்க."

"அவன் வருவான். நான் எதுக்கு?"

"நீங்க வந்தாத்தான் நான் போவேன்."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

கிரீம் எழுதிக் கொடுத்த டாக்டருக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருந்தது. கிரீம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ஊசி மெல்லியதுதான் என்றார். நான், "வைக்கலாம் சார். ஆனா இங்க வச்சே வைக்கணும். எவ்வளவுன்னு இவங்களுக்குக் காட்டித் தாங்க" என்றேன். மைனியை உள்ளே வரச்சொல்லிக் கேட்டதும் நான்தான். அந்த அறையில் என் குரலை நானே கேட்டது அன்றுதான்.

டாக்டர் இந்த முறை உட்கார்ந்து சொன்னார். பேனாவால் குறித்த இடத்தில் மட்டும், சின்ன வட்டம். தேய்க்கக் கூடாது, சும்மா வைக்க வேண்டும். புண், சிரங்கு, கீறல் உள்ள தோலில் கூடாது. கண், வாய்ப் பக்கம் கூடாது. மேலே ஒட்டுகிற சின்னப் பிளாஸ்திரி ஒன்று போதும். சூடு காட்டக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. சொன்ன நேரம் ஆனதும் துடைத்துவிட வேண்டும். டாக்டர் வரத் தாமதமானால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாக்கு தடித்தாலோ, காது இரைந்தாலோ, உதடு நீலமானாலோ துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், என்ன பூசினோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

மைனி விடவில்லை.

"பிள்ளையளுக்கு?"

"குழந்தைகளுக்கு இன்னும் ரொம்பக் கொஞ்சம். எடையப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். நீங்களா வைக்கக் கூடாது."

"வயித்துப்பிள்ளக்காரிக்கு?"

"கேட்டுட்டுத்தான்."

"கொஞ்சம் கூடிப் போச்சுண்ணா?"

"அம்மா, நீங்க வைத்தியரா?" என்றார் டாக்டர்.

மைனி தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல சார்" என்றார்.

நர்ஸ் அவர் விரலில் கிரீமைப் பிதுக்கிக் கொடுத்தார். ஒரு கொண்டைக்கடலை அளவு. மைனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குறித்த இடத்தில் வைத்தபோது அவர் விரல் விலகி, வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் பட்டது. உடனே சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒரு மணி நேரமும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாக்க நீட்டு" என்றார். நீட்டினேன். "காது இரையுதா?" இல்லை என்றேன். அருகில் இருந்த ஒரு பெரியவர் எங்களை வேடிக்கை பார்த்தார். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கவில்லை.

ஊசி போட்டார்கள். எறும்பு கடித்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

முடிந்ததும் டாக்டர், "இனிமேதான் முக்கியம்" என்றார். மூடின குழாய் மூடியே இருக்க, நீட்சியுள்ள துணியால் காலைச் சுற்றிக் கட்ட வேண்டுமாம். பாதத்திலிருந்து மேல்நோக்கி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும். வீட்டில் தினமும் காலையில் கட்ட ஒருவர் வேண்டும். நர்ஸ் ஒரு முறை கட்டிக் காட்டி அவிழ்த்தார். "யாரு கட்டுவீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வெளியே இருந்தார். அறையில் மைனிதான் இருந்தார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார்.

நான் சேலையை முழங்கால் வரை தூக்கிக் காலை அவர் பக்கம் நீட்டினேன்.

"மைனி, நீங்க கட்டுங்க."

அவர் அசையவில்லை.

"எனக்கு வேற யாரு கட்டினாலும் நிக்காது."

அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துணிச் சுருளைக் கையில் வாங்கினார். முதல் சுற்று தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது சுற்று அதன்மேல் பாதி ஏறியது. மூன்றாவது சுற்றில் கைக்கு வேகம் வந்துவிட்டது. நர்ஸ் பக்கத்தில் குனிந்து நின்று, "கொஞ்சம் தளத்துங்க, ஆமா, அப்படித்தான்" என்றார். மைனி தளர்த்தினார். ஒரு சுருக்கம் இல்லை. முடிச்சைப் போட்டார். முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்.

"விரல ஆட்டு பாப்போம்."

ஆட்டினேன்.

பெருவிரல் நகத்தை அமுக்கினார். வெளுத்தது. விட்டார். சிவந்தது. மறுபடியும் அமுக்கி விட்டார். மறுபடியும் சிவந்தது. அடுத்த விரலையும், அதற்கடுத்த விரலையும் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. நானும் காலை எடுக்கவில்லை.